புதுச்சேரிக்கு எதற்கு இருபத்தொரு கியர்?

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சைக்கிளுக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று லா பிசிக்லெத், பெண்பால். மற்றது ல வெலோ, ஆண்பால். வண்டி ஒன்றுதான். வகுப்பில் கட்டுரை எழுதினால் பிசிக்லெத். மணி அடித்து வாசலுக்கு வந்துவிட்டால் வெலோ. இந்த ஆண்பால் பெண்பால் விவகாரம் பிற்காலத்தில் அலுவலகக் கோப்பு ஒன்றில் எனக்குக் கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்று எழுத உட்கார்ந்தது கியரைப் பற்றி.

1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற பெயரில் ஒரு வண்டி செய்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்தைச் சுழற்ற ஒரு செயின். இன்று நாம் சைக்கிள் என்று சொல்வதற்கு அதுதான் பாட்டன். அதற்கு முன்னால் ஓடியது முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு என்று இருந்த வண்டி. அதில் பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஒரு சுற்று. ஆகவே வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். சக்கரம் பெரிதானால் கால் எட்டாது. விழுந்தால் தலைகுப்புற. செயின் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சிறியது என்று வைத்துவிட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றும். மூன்று வருடம் கழித்து, 1888-இல், டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடிப்படை வேலை அதோடு முடிந்தது.

ஆங்கிலேயர் பழசை எளிதில் விட மாட்டார்கள். இன்றும் அவர்கள் கியரை அங்குலத்தில் சொல்வார்கள். நம் ஊர்ச் சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல், சக்கரம் 28 அங்குலம். கணக்குப் போட்டால் 68 அங்குலம் வரும். அதாவது, பழைய காலத்து உயரச் சக்கர வண்டியாக இருந்தால் 68 அங்குலச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அவ்வளவு உயரத்தில் யாருடைய கால் எட்டும்? பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு எனக்கு நேர்மையாகப் படுகிறது. அவர்கள் தெவெலொப்மான் என்பார்கள். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகும் என்பது அது. நம் சாதா சைக்கிளுக்குச் சுமார் ஐந்தரை மீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதை இப்போது எடுத்து எழுதக் காரணம் எங்கள் கீழ்ப் போர்ஷனில் இருக்கும் குடும்பம். தகப்பனார் தையல்காரர். பெண்ணுக்கு நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போக டெம்போ, வர டெம்போ. இரவு கடை அடைத்த பிறகு டெம்போ கிடைக்காவிட்டால் ஆட்டோ. காலையில் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டு வழியிலேயே போய்விடுகிறது. தகப்பனார் ஃபைனான்சில் பழைய ஸ்கூட்டர் ஒன்று பார்த்திருந்தார். பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. தம்பிக்கு ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அந்த நேரத்தில் வண்டிக்குத் தவணை கட்ட முடியாது என்பது அவள் வாதம். கையில் எட்டாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். சைக்கிள் கடைக்குப் போனால் அங்கே ஒருவர் இருபத்தொரு கியர் வண்டியைக் காட்டி, இன்னும் ஐந்நூறு போட்டால் இதுவே வாங்கலாம், சாதா வண்டி பால்காரர்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“தாத்தா, கியர் வண்டியில மிதிக்கிறது சுலபமாமே?” என்று கேட்டாள். சுலபம்தான், மலை இருந்தால்.

மலை என்றதும் எனக்குத் தூர் த பிரான்ஸ் ஞாபகம் வரும். 1903-இல் லோத்தோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்த பந்தயம் அது. ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ஜ். கண்டிப்புக்குப் பெயர் போன மனிதர். கியர் மாற்றும் கருவியை அவர் பந்தயத்துக்குள் விடவே இல்லை. அதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, வீரனுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. 1910-இல் பந்தயத்தைப் பிரனே மலைக்குக் கொண்டுபோனார். தூர்மலே கணவாய் 2115 மீட்டர் உயரம். அதையும் கியர் மாற்றும் கருவி இல்லாமல்தான் ஏறினார்கள். பின்னாளில் ஒரு தந்திரம் வழக்கமானது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் எண்ணிக்கையில் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் மறுபடியும் இறங்கித் திருப்ப வேண்டும்.

இன்னொரு கட்சி சேந்த் எத்தியென் நகரில் இருந்தது. போல் த விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று தன் பத்திரிகையில் வருடக் கணக்காக வாதாடினார். சுற்றிலும் மேடு பள்ளமான ஊர் அவருடையது, அதனால் வாதாடினார். அவர் 1930-இல் காலமானார். 1937-இல்தான் தூர் பந்தயத்தில் கியர் கருவிக்கு அனுமதி கிடைத்தது. தெராயர் என்பது அதன் பெயர். தண்டவாளத்திலிருந்து இறக்கிவிடுவது என்று பொருள். செயினை ஒரு பல்லிலிருந்து தள்ளி இன்னொரு பல்லில் விழச் செய்கிறது அல்லவா? அந்த வருடம் ஜெயித்த ரொஜே லப்பேபி தெராயர் வைத்த வண்டியில்தான் வந்தார்.

1913-இல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரருக்குத் தூர்மலே இறக்கத்தில் முன் ஃபோர்க் ஒடிந்துவிட்டது. அடுத்தவர் உதவி வாங்கக் கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே நெருப்பில் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத இரண்டு கை போதாமல் ஒரு பையன் ஊதிக்கொடுத்தான். அதற்கும் தண்டனை நேரம் போட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது வீரம் மட்டும் அல்ல. ஒடிந்த வண்டியைக் கொல்லன் பட்டறையில் வைத்துச் சரிசெய்ய முடிந்திருக்கிறது பாருங்கள். இருபத்தொரு கியர் வண்டியின் தெராயர் வளைந்தால் எந்தப் பட்டறையில் வைத்து அடிப்பது?

நம் நாட்டுக்கு வந்தது இங்கிலாந்துச் சாதா வண்டி. ராலே, ஹெர்குலிஸ், ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்சும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. ஆசன்சாலில் சென்-ராலே. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ். 1956-இல் லூதியானாவில் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ. அந்த ஹீரோ 1986-இல் உலகத்திலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸில் ஏறியது. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது. அன்று உலக சைக்கிள் தினம்.

இங்கிலாந்தில் 1902-லேயே ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற மூன்று வேகக் கியர் வந்துவிட்டது; பின் சக்கரத்தின் அச்சுக் குடத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும் நல்ல கருவி. இங்கே அது பரவவில்லை. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஆள் சைக்கிளில் தான் மட்டுமா போனான்? பால் கேன், நெல் மூட்டை, வாழைத்தார், பின்னால் பெண்டாட்டி, முன்னால் பாரில் பிள்ளை. தேவை தடித்த குழாய், கனமான போக்ஸ் கம்பி, தெருமுனையில் ஒரு பெட்டி ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கும் ஆள். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பால்ரஸ், செயின், பெடல், டியூப் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். இந்தப் பொருத்தம்தான் நம் சாதா சைக்கிளின் உண்மையான சொத்து.

நான் 1974-இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். மூன்றாவது ஊதியக் குழுவின் சம்பள விகிதம் 260–400. ஒரு நல்ல சைக்கிள் அடிப்படைச் சம்பளத்தை விடக் கூடுதல். அதனால்தான் அரசு சைக்கிள் முன்பணம் என்று ஒன்று வைத்திருந்தது. விண்ணப்பம், ஜாமீன், வாங்கியதற்கு ரசீது, பிறகு மாதாமாதம் பிடித்தம். அந்தப் பதிவேடு எட்டு வருடம் என் மேசையில் இருந்தது. சிவப்புத் துணி முதுகு ஒட்டிய தடிமனான ரெஜிஸ்டர். யார் எந்த வண்டி வாங்கினார் என்பது எனக்கு மனப்பாடம். ஒருவர்கூடக் கியர் வண்டி வாங்கவில்லை.

அங்கேதான் ஆண்பால் பெண்பால் வந்தது. தட்டச்சராக இருந்த ஒரு பெண்மணி லேடீஸ் சைக்கிள் வாங்க முன்பணம் கேட்டார். மேலே இருந்தவர் கோப்பில் எழுதினார்: விதியில் பைசிக்கிள் என்றுதான் உள்ளது, லேடீஸ் பைசிக்கிள் அதில் அடங்குமா? கோப்பு என்னிடம் திரும்பி வந்தது. பிரெஞ்சு மொழியில் பிசிக்லெத் என்ற சொல்லே பெண்பால், ஆகவே ஐயப்பாடு எழுமானால் ஆண்கள் சைக்கிள் மீதுதான் எழ வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாரா, தலைவலி தீரட்டும் என்று போட்டாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். அந்த முன்பணம் ஏழாவது ஊதியக் குழுவோடு, 2016-இல், எடுபட்டுப்போனது.

பெண்களும் சைக்கிளும் என்றால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் சாய்நாத் போய்ப் பார்த்து எழுதியதில் ஒரு விவரம் என் மனதில் நின்றுவிட்டது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டாம். காரணம் பார். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

சரி, கீழ்ப் போர்ஷன் பெண்ணின் கணக்குக்கு வருவோம். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். நாலு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 730 மிதி. நிமிடத்துக்கு 45 மிதி, நிதானமான மிதிதான், மூச்சு வாங்காது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வரும். பதினாறு நிமிடம், சிக்னலுக்கு ஐந்து நிமிடம் சேர்த்தால் இருபத்தொன்று. இருபத்தொன்று அங்கேதான் வர வேண்டும், கியரில் அல்ல என்றேன். டெம்போவுக்கு நிற்கிற நேரமே சில நாள் அதற்கு மேல் ஆகிறது.

எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இருபத்தொரு கியரும் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் டிஸ்க் பிரேக்கும் கொடுக்கிறான் என்றால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு செலவழித்திருப்பான் என்று யோசிக்க வேண்டும். நல்ல கியர் வண்டி நல்ல வண்டிதான்; அதன் விலை வேறு. மலிவான கியர் வண்டியில் செயின் மெலிது, பின்னால் ஏழு தட்டும் நெருக்கம், தெராயர் கொஞ்சம் வளைந்தாலும் செயின் துள்ளும். சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர் மேல் ஒருவர் சாத்தி வைக்கிற நம் ஊரில் அது வளையாமல் எத்தனை நாள் இருக்கும்? கடல் காற்று வேறு. புதுச்சேரி உப்புக்காற்றில் மெல்லிய கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். ஸ்பிரிங் ஃபோர்க் இருப்பதால் ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் பலம் ஸ்பிரிங்குக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வண்டியில் மட்கார்டு பேருக்கு, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. துப்பட்டா போட்டுக்கொண்டு போகிற பெண்ணுக்குச் செயின் கவர் ஆடம்பரம் அல்ல. பின் சக்கரத்துக்கு வலையும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் பழைய பெருமை பேச மாட்டேன். கம்பி பிரேக் மழையில் பிடிக்காது. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். நான்கு ஆள் தூரம் முன்னாலேயே பிடிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இரவு ஒன்பதரைக்குத் தனியாக வருகிறவளுக்கு அது போதாது. கேபிள் பிரேக், வருடம் ஒருமுறை கேபிள் மாற்று, நூறு இருநூறு ரூபாயோடு போகிறது என்றேன். அவள் உயரத்துக்கு 24 அங்குல ஃப்ரேம் பெரிது. சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல் தரையில் ஊன்ற வேண்டும், அதுவே அளவு. பாரில் உட்கார வைக்க அவளுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே லேடீஸ் மாடல்.

தகப்பனாருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “வேலைக்குப் போற பொண்ணு சைக்கிள்ல போறதா, ஐயா?” என்றார். கௌரவம். நான் வாதம் செய்யவில்லை. இதே ஊரில் ஆசிரமத்தில் வயதான படித்த பெண்கள் சைக்கிளில் போவதை அவர் தினமும் பார்க்கிறவர்தான். பெண்ணே சொன்னாள்: “அப்பா, ஸ்கூட்டர் கடன் பதினெட்டு மாசம். அதுக்குள்ள இந்த வேலை போயிட்டா?” அவர் பேசவில்லை. மறுநாள் இருவரும் போய்க் கியர் இல்லாத வண்டியாக ஒன்றை, கேரியர், கூடை, செயின் கவர், வலை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து இருநூறுக்கு வாங்கி வந்தார்கள். மீதிப் பணத்தில் நல்ல பூட்டு ஒன்று, முன்னும் பின்னும் விளக்கு, ஒரு கைப் பம்பு. தகப்பனார் சீட்டுக்குத் தானே உறை தைத்துப் போட்டிருக்கிறார், ஓரத்தில் பைப்பிங் வைத்து!

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் மலைக்குப் பதில் காற்று. எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் புதுச்சேரியின் அமைப்பு மேற்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாதகம். கடைகளும் அலுவலகங்களும் கிழக்கே கடலை ஒட்டி. காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும், முதுகில் தள்ளும். பிற்பகலில் கடற்காற்று திரும்பி வீட்டுப் பக்கம் தள்ளும். ஆனி ஆடியில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் மாதங்களில் மட்டும் மாலையில் கொஞ்சம் சிரமம்.

மேடு என்று நம் பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, கோரிமேடு. சுமார் முப்பது மீட்டர் உயரம் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு லே மொந்தாஞ் ரூழ், சிவப்பு மலைகள் என்று பெயர் வைத்தார்கள். ஆல்ப்சும் பிரனேயும் பார்த்தவர்கள் எங்கள் செம்மண் மேட்டுக்கு மலை என்று பெயர் சூட்டியது ஊர் ஏக்கமோ என்னவோ. ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. என் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு அந்தப் பக்கம் மாற்றல் வந்தது. தினமும் மேடு ஏற முழங்கால் வலிக்கிறது என்று கியர் வண்டி விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அவர் வண்டியில் பின்னாலிருந்த 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போட்டு, செயினில் ஒரு கண்ணி சேர்த்துக் கொடுத்தார். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. அரை மணி வேலை. நண்பர் ஓய்வு பெறும் வரை அந்த வண்டியில்தான் போனார்.